வடசென்னையிலிருந்து புவிவெப்ப ஆராய்ச்சிக்குப் போவது எப்படி

போன மாதம் காலடிப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டுப் பையன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். பிளஸ் டூ முடித்துவிட்டான், எதில் சேர்வது என்று இன்னும் முடிவாகவில்லை. "அக்கா, நீங்க பூமிக்கு அடியில இன்னாவோ ஆராய்ச்சி பண்றீங்களாமே, அதுக்கு இன்னா படிக்கணும்?" என்றான். குடத்தோடு நின்ற அவன் அம்மா, "வேலை கிடைக்குமா, அதை முதல்ல சொல்லும்மா" என்றார். இரண்டுக்கும் நின்றபடியே பத்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினேன். அது போதாது. அவனுக்கும், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கெங்கோ இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளியில் புவியியல் என்று நாம் படித்தது ஜியாகிரஃபி. நான் சொல்வது ஜியாலஜி. தமிழில் நிலவியல், புவியமைப்பியல், மண்ணியல் என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது எளிது, அதனால் பாடத்தின் பெயரை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை என்பது என்ன

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும், பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை. அந்தச் சூட்டை மேலே கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது புவிவெப்பம். கச்சா எண்ணெய், எரிவாயு, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, வெந்நீர், ஏன் நல்ல தண்ணீரைக்கூட உள்ளே இறக்கி, வைத்தது வைத்தபடி இருக்குமா என்று பார்ப்பது நிலத்தடிச் சேமிப்பு. ஒன்று எடுப்பது, ஒன்று வைப்பது. ஆனால் ஆராய்ச்சி செய்பவருக்கு இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பாறைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழி இருக்கிறதா?

காய்ந்த செங்கல்லைத் தண்ணீர் வாளியில் போட்டால் குமிழி விட்டுக்கொண்டே குடிக்கும், ஏனென்றால் அதற்குள் இடமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. களிமண்ணில் அதைவிடக்கூட அதிக இடம் இருக்கலாம், ஆனால் துளைகள் மிகமிகச் சிறியவை, தண்ணீர் நகர முடியாது; ஏரிக்கு அடியில் களி இருந்தால் தண்ணீர் நிற்பது அதனால்தான். இடத்தைப் போராசிட்டி என்றும் வழியைப் பெர்மியபிலிட்டி என்றும் சொல்வோம். இந்த இரண்டு வார்த்தைதான் எங்கள் பிழைப்பு. எண்ணெயோ வாயுவோ சேமிக்க வேண்டுமென்றால் கீழே செங்கல் மாதிரி ஒரு பாறை, அதற்கு மேலே குக்கர் கேஸ்கட் மாதிரி இறுக்கமான இன்னொரு பாறை வேண்டும். புவிவெப்பத்துக்குச் சூடு, தண்ணீர், வழி மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும்.

அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்க்காமல் நம் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அங்கே நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி டர்பைனைச் சுற்றுகிறார்கள். புவிவெப்ப நிலையத்திலும் டர்பைன்தான் சுற்றுகிறது, எரிப்பது மட்டும் இல்லை, அதனால் சாம்பலும் இல்லை. 1904-இல் இத்தாலியில் லார்தெரெல்லோ என்ற ஊரில் பூமியிலிருந்து வந்த நீராவியால் ஐந்து பல்புகளை எரித்துக் காட்டினார்கள், 1913-இல் அங்கேயே மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, இன்றும் அந்த வட்டாரத்தில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். சாம்பல் படிந்த மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வளர்ந்த எனக்கு, கல்லூரியில் இதை முதல்முறை கேட்டபோது உடம்பே சிலிர்த்தது.

அப்படியென்றால் திருவொற்றியூரிலேயே ஒரு துளை போட்டால் என்ன? இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களை நான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வது இந்தக் கணக்கைத்தான், பிளஸ் டூ இயற்பியல் போதும். மேலே 30 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்றால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் 120 டிகிரி. அங்கிருந்து விநாடிக்கு 50 லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது, அதை 60 டிகிரி குளிர வைத்துச் சூட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது சுமார் 4.2 கிலோஜூல். 50 பெருக்கல் 60 பெருக்கல் 4.2, ஆக 12,600 கிலோவாட், பன்னிரண்டரை மெகாவாட் வெப்பம். இவ்வளவு குறைந்த சூட்டில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகும், அதாவது ஒன்றேகால் மெகாவாட்; ஒரு பெரிய அனல் மின் அலகு 500, 600 மெகாவாட். இதில் விநாடிக்கு 50 லிட்டர் என்பது நாமாகப் போட்டுக்கொண்டது, வழி இல்லாத பாறை என்றால் ஒரு டம்ளர்கூட வராது. அதனால்தான் சூடு மேலேயே கிடைக்கும் ஐஸ்லாந்து, கென்யா, இந்தோனேசியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் முன்னால் போய்விட்டன. மின்சாரத்தை விட்டுவிட்டுச் சூட்டைச் சூடாகவே பயன்படுத்தினால், அதாவது உலர்த்தவும் குளிர்பதனத்துக்கும் கட்டடங்களுக்கும் கொடுத்தால், இதே கணக்கு வேறு மாதிரி வரும். அதையும் போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை (பெயரில் புவியியல் என்று இருந்தாலும் பார்ப்பது ஜியாலஜிதான்) பதிவு செய்திருக்கிறது. லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். காற்று அழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஊற்றுத் தண்ணீரும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே வெளியே வருகிறது. 1970-களிலேயே அங்கே துளை போட்டுப் பார்த்தார்கள், 2021-இல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டு மறுபடி இறங்கியது. இமாசலத்தில் மணிகரண், சத்தீஸ்கரில் தத்தாபானி, தெலங்கானாவில் மணுகூரு என்று வேறு இடங்களும் உண்டு. மணுகூருவில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட் அளவில் ஒரு சோதனை நிலையம் அமைத்தது. 2025-இல் மத்திய அரசு புவிவெப்பத்துக்கென்றே ஒரு தேசியக் கொள்கையும் வெளியிட்டது. இதையெல்லாம் கேட்டு நாளைக்கே வேலை குவிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். புவிவெப்பம் மட்டும் பார்க்கும் வேலை இன்றைக்கு இந்தியாவில் மிகக் குறைவு. எதிர்வீட்டு அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். ஆனால் சேமிப்பையும் நிலத்தடி நீரையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சேமிப்பில் நமக்குக் கிட்டத்தில் இருக்கும் பெரிய உதாரணம் விசாகப்பட்டினம். அங்கேயும் கர்நாடகத்தில் மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களிலும் பாறையைக் குடைந்து குகைகள் செய்து, நாட்டின் அவசரத் தேவைக்காகக் கச்சா எண்ணெயை வைத்திருக்கிறார்கள், மூன்றும் சேர்ந்து 53.3 லட்சம் டன் கொள்ளளவு. அந்தக் குகைகளுக்கு இரும்புத் தகடு கிடையாது, வெறும் பாறைதான். பிறகு எண்ணெய் எப்படிக் கசியாமல் இருக்கிறது? குகையை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குடைகிறார்கள். சுற்றியிருக்கும் விரிசல்களில் தண்ணீர் நிற்கிறது, அந்தத் தண்ணீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்கும்படி மேலே வரிசையாகத் துளைகள் போட்டு நீர் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். நீர்த்திரை என்று அதற்குப் பெயர். ஆக, கசிந்தால் தண்ணீர்தான் உள்ளே கசியும், எண்ணெய் வெளியே போகாது, உள்ளே வந்த தண்ணீரை பம்ப் வைத்து எடுத்துவிடுவார்கள். தண்ணீரை வைத்தே எண்ணெயைப் பூட்டுகிறார்கள்! இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டே நான் இந்தத் துறைக்குள் வந்தேன் என்று சொல்லலாம்.

நார்வேயில் வட கடலுக்கு அடியில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996 முதல் வருடத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடை உப்புநீர் நிறைந்த மணற்பாறைக்குள் இறக்கி வந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அதைத் தண்ணீரில் கரைத்து, சோடா மாதிரி ஆக்கி, 2012-இல் பசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு வருடத்துக்குள் பெரும்பகுதி கல்லாகவே மாறிவிட்டது. அதே பசால்ட் நம் தக்காணத்தில் மகாராஷ்டிரம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. எனவே அங்கே செய்ய வேண்டிய ஆராய்ச்சி நிறைய.

சரி, இதில் தப்பு நடக்காதா? நடந்திருக்கிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அடியில் சூடான பாறையில் விரிசல் உண்டாக்கத் தண்ணீரை அழுத்திச் செலுத்தினார்கள், 3.4 அளவில் நிலம் நடுங்கியது, திட்டத்தைக் கைவிட்டார்கள். 2017-இல் தென்கொரியாவின் போஹாங் நகரில் 5.5 அளவு நிலநடுக்கம் வந்தது, வீடுகள் சேதமாயின, பலர் காயப்பட்டார்கள்; அங்கே நடந்த புவிவெப்பத் திட்டமே அதைத் தூண்டியது என்று அந்நாட்டு அரசு அமைத்த குழு 2019-இல் சொன்னது. இந்த இரண்டு ஊர்களின் கதையையும் முழுதாகப் படிக்காமல் யாரும் இந்தத் துறைக்கு வர வேண்டாம். நாம் துளை போடும் இடத்துக்கு மேலே யாரோ ஒருவர் சோறு பொங்கிக்கொண்டிருப்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெரு அடிபம்பில் எண்ணெய் வாடை வந்தது. வாளியில் பிடித்து வைத்தால் மேலே வானவில் மாதிரி ஏடு கட்டும். யாரோ வந்தார்கள், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. லாரித் தண்ணீர்தான் வந்தது. பூமிக்கு அடியில் நடப்பது பற்றிப் பேசத் தெரிந்தவர் ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் அதுதான்.

என்ன படிப்பது

பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறீர்கள் என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்கும் பிரிவை எடுங்கள். உயிரியல் பிரிவில் இருந்தாலும் ஜியாலஜியில் சேர வழி உண்டு, ஆனால் கணிதத்தை விட்டுவிட்டால் பின்னால் மாடலிங் பக்கம், அதாவது பாறைக்குள் நடப்பதைக் கணினியில் கணக்காக ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு, போகும்போது மிகவும் கஷ்டப்படுவீர்கள். வேதியியலையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, சோடியம், பொட்டாசியம் அளவை வைத்தே கீழே எத்தனை டிகிரி சூடு இருக்கிறது என்று துளை போடாமலே கணிக்கிறோம்.

இளநிலைக்கு மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பயப்படும் அளவில் இருக்காது. வெளியூர் போகத் தயார் என்றால் திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி எல்லாம் இதில் பெயர் பெற்றவை. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம், என் காலத்தில் இது இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய் முதல் வகுப்பைத் தவறவிட்ட நாட்கள் எத்தனையோ.

ஐ.ஐ.டி.க்குப் போக வேண்டுமென்றால் மூன்றாம் வருடத்தில் ஜாம் என்னும் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் ஜியாலஜிக்குத் தனித்தாள் இருக்கிறது. மும்பை, கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் நான்கிலும் இந்தத் துறை வலுவானது. முதல் வருடத்திலேயே பழைய வினாத்தாளைப் பார்க்க ஆரம்பியுங்கள், மூன்றாம் வருடம் டிசம்பரில் ஆரம்பிப்பவர்களுக்கு நேரம் போதாது. பி.இ. சிவில் படிப்பவர்களும் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்களும் தங்களுக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம். சிவில் ஆட்கள் பாறைப் பொறியியல் வழியாகச் சேமிப்புக் குகைப் பக்கம் வரலாம், இயற்பியல் ஆட்கள் ஜியோபிசிக்ஸ் (புவி இயற்பியல்) வழியாக வரலாம், என் குழுவிலேயே இரண்டு வகையும் இருக்கிறார்கள்.

படிக்கும்போதே கல்லைப் பார்த்துப் பழக வேண்டும். அதற்கு இமயமலைக்குப் போக வேண்டாம், பல்லாவரத்துக்கு டிக்கெட் எடுங்கள். உலகம் முழுக்கச் சார்னொகைட் என்று அழைக்கப்படும் பாறை நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்தக் கல்லில் செய்யப்பட்டிருந்ததால் ஹாலந்து என்ற ஜியாலஜிஸ்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளோடுதான், இன்றும் அங்கே ஜியாலஜிக்குத் தனிக் கூடம் இருக்கிறது, ஒரு நோட்டோடு போய் அரை நாள் உட்காருங்கள். கையில் காசு சேர்ந்தால் திருவக்கரை கல்மரங்கள், பெரம்பலூர் சாத்தனூரில் கல்லாகிப் போன பெரிய அடிமரம், அரியலூர்ப் பக்கம் கடல் உயிரிகளின் படிமங்கள். ஒருகாலத்தில் கடல் அரியலூர் வரை இருந்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த மண்ணில் குனிந்து ஒரு சிப்பியைக் கையில் எடுப்பது வேறு.

நிலத்தடி நீர்தான் நமக்கு வாசல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். புவிவெப்பம் என்று முடிவு செய்துவிட்டு அந்த வேலைக்காகக் காத்திருக்காதீர்கள், நிலத்தடி நீரில் ஆரம்பியுங்கள். வெந்நீர், எண்ணெய், வாயு எதுவானாலும் பாறைக்குள் அது நகர்வதை எழுதும் அடிப்படைச் சமன்பாடு தண்ணீருக்காக எழுதப்பட்ட டார்சி விதிதான், 1856-இல் பிரான்சில் ஒரு ஊரின் குடிநீருக்காக வேலை பார்த்த பொறியாளர் கண்டுபிடித்தது. தண்ணீரில் கை தேர்ந்தவர் மற்றவற்றுக்கு மாறுவது எளிது. தண்ணீர் வேலையோ நம் ஊரில் இருக்கிறது.

மீஞ்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் மணலுக்கு அடியில் இருந்த நல்ல தண்ணீரைப் பல வருடம் அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் நிலத்துக்குள் ஏறிவிட்டது, 1960-களின் கடைசியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். அதைத் தள்ளிப் பின்னுக்கு அனுப்பத் தடுப்பணை கட்டி மழைத் தண்ணீரை உள்ளே இறக்குவது என்பது நிலத்தடிச் சேமிப்பே அல்லாமல் வேறென்ன? விசாகப்பட்டினத்தில் தண்ணீர் எண்ணெயைத் தள்ளி நிறுத்துகிறது, இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைத் தள்ளி நிறுத்த வேண்டும், இரண்டுக்கும் அழுத்தக் கணக்கு ஒன்றுதான். உலகத்துப் பாடப்புத்தகத்தில் வர வேண்டிய உதாரணம் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கிடக்கிறது, எம்.எஸ்சி. ஆய்வுக்கு அதை எடுங்கள்.

வேலை என்று பார்த்தால், எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு பெரிய வழி. அந்த ஒரே தேர்வில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். 21 வயதிலிருந்து 32 வரை எழுதலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டம். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் புவியியலாளர் (அசிஸ்டன்ட் ஜியாலஜிஸ்ட்) தேர்வு, ஆனால் அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அப்புறம் மெட்ரோ, துறைமுகம், மேம்பாலம் போன்றவற்றுக்கு மண் ஆய்வு செய்யும் தனியார் நிறுவனங்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், ஆனால் போர்ஹோல் (துளை) பக்கத்தில் நின்று, உள்ளிருந்து உருளையாக எடுத்த கல்லைக் கோர் பெட்டியில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று லாக் எழுதப் பழகிவிடுவீர்கள், அதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர முடியாது. நான் பதினான்கு மாதம் அப்படி வேலை பார்த்தேன். ரிக் (துளை போடும் இயந்திரம்) ஓடும் இடத்தில் பெண்களுக்குக் கழிவறை இல்லாமல் தண்ணீரே குடிக்காமல் நின்ற நாட்கள் உண்டு; இப்போது என் மாணவிகளை அனுப்பும்போது கழிவறையும் திரும்பி வர வண்டியும் இருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறேன், நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

ஆராய்ச்சிக்குள் போவது

பிஎச்.டி. செய்ய வேண்டுமென்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாளும், கேட் தேர்வில் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் தாளும் இருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், அதற்குப் பிறகு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் வரும். வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்ப" என்று கேட்கும்போது இந்தத் தொகையைச் சொல்லுங்கள், பேச்சு வேறு பக்கம் போகும். ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், காந்திநகரில் பண்டிட் தீன்தயாள் எரிசக்திப் பல்கலைக்கழகத்தின் புவிவெப்ப மையம், கார்பன் சேமிப்புக்கு மும்பை ஐ.ஐ.டி., பாறை இயந்திரவியலுக்குப் பெங்களூரில் இருக்கும் தேசிய நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவரிடம் இப்போது இருக்கும் மாணவர் இருவரிடம் பேசிவிட்டுச் சேருங்கள்.

வெளிநாடு என்றால் ஜெர்மனியில் போட்ஸ்டாம், கார்ல்ஸ்ரூஹே, ஆகன், நியூசிலாந்தில் ஆக்லாந்து. ஜெர்மனியில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை, கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை. ஐஸ்லாந்தில் வளரும் நாடுகளுக்காகவே ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சி ஒன்று 1979 முதல் நடக்கிறது, இப்போது யுனெஸ்கோவின் கீழே. அதற்கு ஏற்கெனவே இந்தத் துறையில் வேலையில் இருப்பவரை அவருடைய நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும், அதனால் இது படித்து முடித்தவுடன் கிடைப்பதில்லை, சில வருடம் கழித்துக் கிடைப்பது. இளநிலையில் இருக்கும்போதே அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயையும், மதிப்பெண் நன்றாக இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையையும் விட்டுவிடாதீர்கள். இன்ஸ்பயரில் ஜியாலஜி மாணவர்களுக்கும் வருடத்துக்கு 80,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி படிக்கத் தமிழக அரசின் தனி உதவித்தொகையும் உண்டு.

கணினியில் மூன்று விஷயம் போதும்: நிரல் எழுதப் பைத்தான், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், மாடலுக்கு மாட்ஃப்ளோ. மூன்றும் இலவசம். மாட்ஃப்ளோ அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை நிலத்தடி நீருக்காக எழுதியது, அதில் ஒரு சின்ன மாடலைத் தனியாகக் கட்டி ஓட்டிவிட்டீர்கள் என்றால் பிற்பாடு புவிவெப்பத்துக்குப் பயன்படும் டஃப், ஓப்பன்ஜியோசிஸ் போன்றவை மிரட்டாது. மடிக்கணினி இல்லை என்றால் அரசு நூலகத்தில் கணினி இருக்கிறதா பாருங்கள், நான் என் முதல் பைத்தான் நிரலை ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத்தான் எழுதினேன்.

ஆங்கிலம் பற்றி நிறைய பேர் தனியாகக் கேட்கிறார்கள். நானும் பன்னிரண்டு வரை தமிழ்வழிதான். பாறைகள், கனிமங்கள், அளவைகள் சம்பந்தப்பட்ட இருநூறு, முந்நூறு வார்த்தைகள் கைவந்துவிட்டால் ஆராய்ச்சிக் கட்டுரைகள் திடீரென்று புரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் அதே வார்த்தைகளைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். களக்குறிப்பைத் தமிழில் எழுதுவதில் தவறே இல்லை, நான் இன்றும் அப்படித்தான். யோசனை தமிழில் ஓடும்போது கவனிப்பு கூர்மையாக இருக்கிறது.

இந்த வாரமே தொடங்க ஒரு வேலை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு உறைகிணறு இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, நீள நாடாவின் முனையில் ஒரு கனமான போல்ட்டைக் கட்டி மெதுவாக இறக்கி, தண்ணீர் தொடும் ஆழத்தை எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள், உள்ளே காற்று கெட்டிருந்தால் உயிர் போய்விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான், நான்கு பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்; கடல்நீர் சுமார் 35,000. உங்கள் கிணறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்தில், பம்ப் ஓடி குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து, ஆழம், உப்பு, தண்ணீரின் சூடு மூன்றையும் எழுதுங்கள். கடலிலிருந்து தூரம் மாறும்படி மூன்று கிணறுகள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒன்று காசிமேட்டுப் பக்கம், ஒன்று கொருக்குப்பேட்டை, ஒன்று மாதவரம் என்பது போல. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வருடம் விடாமல் எழுதினால் கையில் 52 வரிசை எண்கள் இருக்கும், மழைக்குப் பிறகு எந்தக் கிணற்றில் உப்பு எத்தனை நாள் கழித்துக் குறைந்தது என்று வரைபடத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "தங்கள் கீழ் பணிபுரிய மிகவும் ஆவலாக உள்ளேன்" என்று தொடங்கும் கடிதங்கள் எனக்கு வாரத்துக்குப் பத்து வருகின்றன, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் ஆறு வரிக்கு மேல் எழுத வேண்டாம்: நான் இன்ன தெருவில் இருக்கிறேன், இன்ன கிணறுகளை ஒரு வருடம் அளந்தேன், இதில் இந்த ஒரு மாதம் மட்டும் எனக்குப் புரியவில்லை, உங்கள் இன்ன கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள், வந்து பேசலாமா? வரைபடத்தை இணையுங்கள், அச்சுகளில் அலகு எழுத மறக்காதீர்கள், எந்தக் கிணறு எவ்வளவு ஆழம் என்பதைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.